இறந்துவிட்டார் என்று நான் எழுதிய மனிதர்

ஏழு வருடம் இருக்கும். பிளஸ் ஒன் முடிந்த மே மாதம். செஞ்சியில் ஒரு வங்கிக் கிளையில் நடந்தது.

நான் தொழிற்பிரிவில் படித்தேன். அந்தப் பிரிவில் கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஏதாவது அலுவலகத்தில் வேலை பழக வேண்டும். முடிவில் அவர்கள் கையெழுத்துப் போட்ட சான்றிதழைப் பள்ளியில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் செய்முறைத் தேர்வு மதிப்பெண் கிடையாது. பத்தாவதிலேயே ஒரு முறை தோற்று எழுதியவன் நான். இதிலும் தோற்றால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகட்டும் என்று நைனா முடிவு செய்திருந்தார். எனக்குப் போக மனமில்லை.

முதல் வாரம் செலான் நிரப்பிக் கொடுத்தேன். பாஸ் புத்தகத்தை மெஷினில் விட்டு எடுத்தேன். பேசுகிற வேலை இல்லை. எனக்கு ஒத்து வந்தது.

இரண்டாவது வாரம் மேனேஜர் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்துக்காரர். கையில் ஒரு பட்டியல். அனந்தபுரம் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே நாற்பத்தொரு பேருக்குக் கணக்கு. எல்லாம் எப்போதோ ஒரே நாள் முகாமில் திறந்தவை. ஆதார் நகலும் புது போட்டோவும் கொடுத்துப் புதுப்பிக்கவில்லை. மூன்று முறை கடிதம் போட்டும் ஒருவரும் வரவில்லை. நான் போய், ஆள் ஊரில் இருக்கிறாரா, வெளியூர் போய்விட்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து, பெயருக்கு நேரே எழுதி வர வேண்டும்.

வெளிவேலை என்றதும் எனக்குப் பெருமையாக இருந்தது. மாமாவுடைய கறுப்பு பேண்ட்டைப் போட்டுக்கொண்டேன். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டேன். கழுத்தில் பள்ளி அட்டை. தோளில் வங்கியில் கொடுத்த கறுப்புப் பை. கிளையின் தற்காலிக ஊழியர் பைக்கில் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார்.

வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் பையைத் திறந்து பட்டியலை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். மரத்தடியில் முறங்கள் மட்டும் இருந்தன.

ஒவ்வொரு வீடாகப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடியது. குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக் கதவு ஒரு விரல் திறந்து, "அவங்க திருப்பூர் போய்ட்டாங்க" என்று மூடிக்கொண்டது. இந்த வீட்டுக்காரரைப் பற்றி அந்த வீட்டிலும், அந்த வீட்டுக்காரரைப் பற்றி இந்த வீட்டிலும் கேட்டேன். திருப்பூர், பெங்களூர், கேரளா என்று எழுதிக்கொண்டே போனேன்.

தெருக் கடைசியில் பாதி கட்டிய வீடு ஒன்று. சுவர் எழும்பியிருந்தது. மேலே கூரை இல்லை. பக்கத்தில் நீலப் படுதா கட்டிக் குடித்தனம். நாற்பது வயது இருக்கும் ஒரு மனிதர் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் செபமாலை. அவருக்கு ஓடி ஒளிய நேரம் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லி, "அவர் வீடு இதானேய்யா?" என்றேன்.

"வூடு இதான். ஆளு செத்துட்டான்."

"எப்பங்க?"

"போன தை மாசம். மாடு முட்டிடுச்சி. வவுத்துல ஒரே குத்து. கோயிலுக்குப் பின்னாடிதான் கல்லறை, வேணும்னா போய்ப் பாத்துக்க."

படுதாவுக்குள் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். செத்தவருடைய மனைவி அழுகிறார் என்று நினைத்தேன். எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அவர் இன்னும் அதிகமாகக் குலுங்கினார். நான் பெயருக்கு நேரே 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். கீழே 'மாடு முட்டி' என்றும் எழுதினேன்.

நாற்பத்தொரு பெயரையும் ஒரே நாளில் முடித்துவிட்டேன். மேனேஜர் முதுகில் தட்டினார். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

மரணச் சான்றிதழ் இல்லாமல் கணக்கை மூட மாட்டார்கள். ஆனால் விசாரணையில் இறந்ததாகத் தெரிந்தால், யாரும் கைவைக்காதபடி அதை நிறுத்தி வைப்பார்கள். அந்தக் கணக்கையும் நிறுத்தினார்கள்.

பதினோரு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தச் செங்கல் மேல் உட்கார்ந்திருந்த மனிதர் கிளைக்கு வந்தார். கையில் பாஸ் புத்தகம். முகம் செத்திருந்தது. அரசாங்க வீடு கட்டும் திட்டத்தில் அவருக்குக் கூரைக்கான தவணை வந்திருக்கிறது. கணக்கு நிறுத்தப்பட்டிருந்ததால் பணம் திரும்பிப் போய்விட்டது. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், வங்கியில் போய்க் கேள் என்று சொல்லிவிட்டார்கள்.

கவுண்டரில் இருந்த அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீங்க இவருக்கு என்ன வேணும்? இவர் இறந்துட்டாரே" என்றார்.

"நான்தாம்மா அது."

"மாடு முட்டி இறந்துட்டதா இருக்கே."

 பேனா எடுக்க வந்த என்னை அவர் அப்போதுதான் பார்த்தார். நானும் பார்த்தேன். 

மேனேஜர் அறைக்குள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். வந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவர் மனைவி தனியார் குழுக் கடன் வாங்கியிருக்கிறார். செவ்வாய்க்கிழமைதோறும் வசூலுக்கு வருவார்கள். உள்ளே விட்ட சட்டை, பெல்ட், கறுப்புப் பை. பணம் இல்லாத வாரம் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். அதனால் அந்த உடுப்பில் யார் வந்தாலும் தெரு முழுக்கக் கதவைச் சாத்திவிடும்.

"குழுக்காரன்னு நெனச்சேன் சார். செத்தவன்கிட்ட வசூல் பண்ண மாட்டாங்கல்ல."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"யாருகிட்ட கேட்டு எழுதுன?"

"இவருகிட்ட சார்."

"செத்தவன்கிட்டயே போயி, நீ செத்துட்டியான்னு கேட்டு எழுதிட்டு வந்திருக்க. இதுக்கு நான் சான்றிதழ் வேற தரணும்?"

 

மேனேஜர் ஒன்றிய அலுவலகத்துக்கு போன் செய்தார். திரும்பி வந்த பணத்துக்கான பட்டியலை வெள்ளிக்கிழமை மறுபடி அனுப்புவார்கள். அன்று மாலைக்குள் கணக்கு சரியாகிவிட்டால் பெயர் அதில் சேரும். தவறினால் அடுத்த பட்டியல் எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. மழைக்கு முன்னால் வராது என்பது மட்டும் நிச்சயம்.

இறந்ததாகப் பதிந்த கணக்கைத் திறக்க வேண்டுமென்றால், அதே ஊரில் கணக்கு வைத்திருக்கும் இரண்டு பேர் நேரில் வந்து, இவர்தான் அவர் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார் மேனேஜர். அவர்கள் கணக்கும் புதுப்பித்ததாக இருக்க வேண்டும். அந்த ஊர்க் கணக்குகள் எல்லாமே என் பட்டியலில் இருந்தவை. ஒன்றும் புதுப்பித்ததில்லை. ஆக, முதலில் அந்த இரண்டு பேர் தங்கள் பெயரை ஒத்துக்கொண்டு வர வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை காலையில் அவர் திரும்ப வந்தார். தனியாக வந்தார். இரவு முழுக்க வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் அவர் மேல் பிரியம்தான். ஆனால் கையெழுத்து என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். அவர் தங்கை புருஷனே, "மச்சான், ஒருத்தருக்குக் கையெழுத்துப் போட்டுப் பட்டதே போதும். வேற இன்னா வேணா கேளு" என்று சொல்லிவிட்டாராம்.

நான் மேனேஜரிடம் போய் நின்றேன்.

"நான் எழுதினது சார். நானே போய் அழிச்சிட்டு வர்றேன்."

அவர் பட்டியலை என்னிடம் நீட்டினார். "போ. வெள்ளிக்கிழமை ஆள் வந்தா சான்றிதழ். வரலைன்னா எங்கிட்ட வராத."

வீட்டுக்குப் போய் லுங்கியும் பழைய சட்டையும் மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். பட்டியலை மடித்து மேல் பையில் வைத்துக்கொண்டேன்.

வேப்பமரத்தடியில் அதே பெண்கள். இந்த முறை யாரும் எழுந்து ஓடவில்லை. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. போய் ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு முறத்தை இழுத்துக்கொண்டு மல்லாட்டை உடைக்க ஆரம்பித்தேன். விதைக்கு உடைக்கும்போது பருப்பின் மேல் தோல் உரியக் கூடாது. எனக்கு அந்த வேலை தெரியும். எங்கள் வீட்டில் சித்திரை, வைகாசி முழுக்க அதுதான் பிழைப்பு.

கால் மணி நேரம் உடைத்தேன். பிறகு பருமனான ஒரு அக்கா என் முறத்தைப் பார்த்தார்.

"ஏன்டி, இது பேங்குக்காரன் கை இல்லடி. நகத்தப் பாரு, நம்ம நகம்."

"நீ அன்னிக்கி வந்த பையன்தான? பேண்ட்டு இன்னா ஆச்சி, அவுத்துக்கினாங்களா?" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

"கும்புடு வேற போட்டானாம்டி! அவ சிரிப்ப அடக்க முடியாம மூச்சு முட்டிப் பூட்டாளாம்."

அவர்கள் சிரித்து முடியும்வரை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ குழுக்காரன் இல்லன்னு நாங்க எப்பிடி நம்பறது?" என்றார் பருமனான அக்கா.

"எங்கம்மாவும் குழுவுலதாங்க்கா இருக்குறாங்க" என்றேன். "எங்க தெருவுக்கும் செவ்வாக்கெழமதான் வருவாங்க. அம்மா சீயமங்கலம் போயிருக்காங்கன்னு நான்தான் வாசல்ல நின்னு சொல்லுவேன். அம்மா உள்ள குதிருக்குப் பின்னாடி நிக்கும்."

கைகள் நின்றன.

"எத்தினி வாட்டி சொன்ன?"

"நாலு வாட்டி."

"நம்புனானா?"

"மூணு வாட்டி நம்பினான்."

மறுபடி சிரிப்பு. அது அடங்கியதும் அந்த அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நாங்க சொன்னத மட்டும் ஏன்டா நம்புன?"

 கையில் இருந்த மல்லாட்டையை உடைக்கத் தோன்றவில்லை. அந்தப் பொய்யை என் வாயாலேயே நாலு முறை சொன்னவன் நான். கதவுக்கு வெளியே நின்றபோது அது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கடைசியில் சொன்னேன். "தெரியலக்கா. பேண்ட்டு போட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். இது ஜாமீன் இல்லை. இவர்தான் இவர் என்று சொல்வது மட்டும்தான். கடனுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கூடவே உங்கள் கணக்கையும் புதுப்பித்துவிடலாம். இல்லாவிட்டால் உங்கள் கணக்கும் நின்றுபோகும், நாளைக்கு உங்களுக்கு ஒரு பணம் வந்தாலும் இதே கதைதான். அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்நாளில் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"வாயால சொல்ற. எழுதிக் குடுப்பியா?"

பட்டியலின் அடியில் வெறுமையாக இருந்த தாளைக் கிழித்து எழுதினேன். 'இது கடன் ஜாமீன் இல்லை. ஆளை அடையாளம் காட்டுவது மட்டும்.' கீழே என் பெயர், நைனா பெயர், தெரு, எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பம்பு வரைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர்களில் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்துக் கூட்டி எல்லோருக்கும் வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். பிறகு அந்த அக்கா காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"நீ எங்களுக்குப் போட்டுட்ட. நாங்க அவருக்குப் போடறோம். பொய்யா இருந்திச்சின்னா ஒங்கம்மாவத் தேடிக்கினு வருவோம், குதிருக்குப் பின்னாடி வரைக்கும்."

மாலை பஸ் வரும்வரை இருந்து உடைத்தேன். கூலி கொடுக்க வந்தார்கள், வாங்கவில்லை.

வியாழக்கிழமை ஒருவரும் வரவில்லை. கவுண்டர் அக்கா என்னைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வங்கி திறந்தது. பத்தரை ஆயிற்று. அந்த மனிதர் மட்டும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.  மேனேஜர் இரண்டு முறை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். பதினோரு மணி ஆயிற்று. பெங்களூரில் என்ன வேலை கொடுப்பார்கள் என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஆடு, நெல் மூட்டை ஏற்றும் டிரெய்லர். அதில் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் ஆட்கள். முதலில் இறங்கியது பருமனான அக்கா. கையில் ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ எல்லாம் ஒரு துணிப்பையில். அவருக்குப் பின்னால் ஆண்களும் பெண்களும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பேர் போதும் என்றுதான் கேட்டிருந்தேன். முப்பத்து நாலு பேர் வந்திருந்தார்கள். டிராக்டரை ஓட்டி வந்தது, கையெழுத்துப் போட மறுத்த அதே தங்கை புருஷன்.

கிளைக்குள் நிற்க இடமில்லை. நான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட்டேன். திருப்பூர் என்று எழுதியிருந்த பெயரைப் படித்தால், "நான்தான்" என்று எதிரே ஒரு கை உயர்ந்தது. கேரளா என்று எழுதியிருந்த பெயருக்கு, "இங்க கீறேன்யா" என்று மூலையில் இருந்து குரல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிரிப்பு. நான் அழித்துக்கொண்டே போனேன்.

நிஜமாகவே வெளியூர் போயிருந்த சிலரைத் தவிர, ஒரு பெயருக்கு மட்டும் யாரும் கை தூக்கவில்லை. பெங்களூர் போனதாக நான் எழுதியிருந்த பெண். அவர் தம்பி முன்னால் வந்து, போன வருடமே இறந்துவிட்டார் என்று சொல்லிச் சான்றிதழைக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. அதையும் திருத்தி எழுதினேன்.

கடைசியில், மாடு முட்டி இறந்ததாக எழுதியிருந்த பெயரைக் கூப்பிட்டேன். மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்து நின்றிருந்தார்.

"ஐயா, நீங்க யாரு?" என்றார் விளையாட்டாக.

அவர் நிமிர்ந்து நின்றார். "உயிர்த்தவன் சார். ஆண்டவரு மூணாம் நாளு எழுந்தாரு. நம்ம பேங்குல பதினோரு நாளுக்கு மேல ஆயிடுச்சி."

கிளையே சிரித்தது. காசாளர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து கை தட்டினார். அவர் மனைவி மறுபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த முறை நானும் சிரித்தேன்.

முதலில் பருமனான அக்காவின் கணக்கையும் தங்கை புருஷனின் கணக்கையும் புதுப்பித்தோம். பிறகு அவர்கள் இரண்டு பேரும் அவருக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். போடுவதற்கு முன் அந்த அக்கா ஜாக்கெட்டிலிருந்து என் காகிதத்தை எடுத்து மேனேஜரிடம் காட்டி, "இவன் எழுதினது நெசந்தான சார்?" என்று கேட்டார். அவர் படித்துப் பார்த்து, "நிசம்தாம்மா" என்றார். இரண்டு மணிக்குக் கணக்கு திறந்தது. மேனேஜரே ஒன்றிய அலுவலகத்துக்கு போன் போட்டு, பெயர் பட்டியலில் ஏறியதா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

அடுத்த வாரத்துக்குள் பணம் வந்துவிட்டது. கூரைக்கு கான்கிரீட் போடும் நாளில் எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். போனேன். காலையிலிருந்து வரிசையில் நின்று கலவைச் சட்டி மாற்றிக் கொடுத்தேன். மத்தியானம் எல்லோருக்கும் கறிச்சோறு. வந்தவர்களிடமெல்லாம் அவர் என்னைக் காட்டி, "என்னச் சாவடிச்சதும் இவன்தான், எழுப்பினதும் இவன்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மழைக்கு அவர்கள் படுதாவுக்குள் இல்லை.

சான்றிதழில் மேனேஜர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். "ஒரு ஊரையே உசுரோட கொண்டாந்து நிறுத்திட்ட. அத எழுத இதுல இடம் இல்ல" என்றார். பிளஸ் டூ பாஸ் செய்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. பெங்களூருக்கும் போகவில்லை.

இப்போது கேஸ் சிலிண்டர் போடுகிறேன். தினம் அறுபது, எழுபது கதவு. எந்த வீட்டிலாவது உள்ளே ஆள் இருந்தும் இல்லை என்று பதில் வந்தால், எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் கண்ணுக்கு இன்று நான் யாராகத் தெரிகிறேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.